ஐந்து வாசலிலும் உன் பெயர்

இன்று காலை ஷிப்ட் மாறுகிற நேரத்தில் என் திரையில் நீ வந்து நின்றாய். சிவப்புக் கட்டம், அதற்குள் உன் தமிழ்: "இன்னாவோ ஒடஞ்சி போச்சு. உன் தப்பு இல்ல. எனக்கு போன் போடு." கீழே உன் பெயர், உன் இன்டர்காம் எண். செத்து எட்டு மாதம் ஆகிறது, இன்னும் போன் போடச் சொல்கிறாய். உன் திமிருக்கு ஓர் அளவே இல்லையா?

போனவர்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுத வேண்டும் என்பார்கள். எனக்கு வராது. உன்னை எனக்குப் பிடிக்காது. பிடிக்காமல் போவதற்கு நீயும் கொஞ்சநஞ்சம் உழைக்கவில்லை.

ஒரகடத்தில் நம் கம்பெனியின் கணினிப் பிரிவு என்பது ஓர் அறை, முனகுகிற ஏசி, நீ, நான். அதற்குள்ளிருந்து ஐந்து வெப் அப்ளிகேஷன்களை ஓட்டினோம்: கேட் பாஸ், பஸ், கேன்டீன், யூனிஃபார்ம், லீவு. முதலில் ஐந்தும் ஐந்து விதம். ஒருத்தர் பெயரில் ஓர் எழுத்தைத் திருத்த ஐந்து இடத்தில் திருத்த வேண்டும். நீதான் ஐந்துக்கும் பொதுவாக வேண்டியதை உருவி எடுத்தாய். ஆட்களின் பட்டியல், கார்டைப் படிக்கிற பகுதி, பிழை வந்தால் காட்டுகிற அந்தச் சிவப்புப் பக்கம் எல்லாவற்றையும் 'பொது' என்று ஒரே ஃபோல்டரில் வைத்து, அதன்மேல் ஐந்தையும் உட்காரவைத்தாய். அங்கே ஒன்றை மாற்றினால் ஐந்திலும் மாறும். உன்னைத் தவிர வேறு யார் செய்திருந்தாலும் கைதட்டியிருப்பேன்.

அதோடு விட்டாயா? ஒரு சட்டமும் போட்டாய். பொதுவில் கை வைப்பதற்கு முன் கேட், பஸ் ஷெட், கேன்டீன், ஸ்டோர், ஹெச்.ஆர். என்று ஐந்து வாசலுக்கும் நடந்து போய்ச் சொல்ல வேண்டும். மெயில் கூடாது, போன் கூடாது. சித்திரை வெயிலில், பாதத்தைக் கடிக்கிற சேஃப்டி ஷூவோடு.

"யோவ், ஒரு வரி மாத்தறதுக்கு ஊர்வலமாய்யா?" என்றேன்.

"அவங்க சோறு, அவங்க பஸ்ஸு. மூஞ்சப் பாத்து சொல்லாம கைய வெக்கறதுக்கு நீ இன்னா பெரிய பிஸ்தாவா?" என்றாய். மணிமங்கலத்துக்காரன் வாய்.

என் தொப்பை உனக்குத் தெரியும். படப்பையில் பஸ் விட்டு இறங்கி வீட்டுக்கு நடக்கவே ஷேர் ஆட்டோ தேடுகிற உடம்பு. ஆகவே ஒரு திருட்டு வேலை செய்தேன். பொதுவை அப்படியே நகலெடுத்து, கேன்டீன் அப்ளிகேஷனுக்குள் ஒளித்துவைத்து, கேன்டீனை அதில் ஓடவிட்டேன். இனி கேன்டீனில் எது மாற்றினாலும் உன்னைக் கேட்கவும் வேண்டாம், நடக்கவும் வேண்டாம். மூன்று மாதம் ராஜாவாக இருந்தேன்.

அப்புறம் கான்ட்ராக்ட் ஆட்களின் கார்டு நம்பருக்கு முன்னால் ஓர் எழுத்து சேர்த்தார்கள். நீ பொதுவில் திருத்தினாய். வழக்கம்போல ஐந்து வாசலுக்கும் நடந்தாய். கேன்டீன் வாசலில் நான் வடை தின்றுகொண்டு நின்றேன். "நாளையிலேர்ந்து புது நம்பர். பொதுவுல போட்டுட்டேன், இங்கயும் வந்துடும்" என்றாய். வராது என்று தெரிந்த ஒரே ஆள் நான். சொன்னால் குட்டு உடையும். ராத்திரிக்குள் நானே திருத்திவிடலாம் என்று தலையாட்டினேன். வீட்டுக்குப் போனேன், மறந்தேன்.

மறுநாள் மதியம் கேன்டீனில் ஒரு கான்ட்ராக்ட் கார்டையும் மிஷின் ஏற்கவில்லை. வரிசை கைகழுவும் குழாய்வரை போனது. பாதிப் பேர் தெற்கத்திப் பெண்கள்; சுங்குவார்சத்திரம் ஹாஸ்டலில் காலையில் சாப்பிடாமலே பஸ் ஏறுகிறவர்கள். முன்னால் நின்ற செல்வி, திருநெல்வேலிப் பக்கம், என்னைப் பார்த்துக் கேட்டாள்: "ஏண்ணே, நம்பர்தான மாறியிருக்கு? வயிறு அதேதான இருக்கு?"

"சிஸ்டம் ஃபால்ட்டும்மா" என்றேன்.

நீ லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாய். பார்த்தாய். பெஞ்சு மேலே ஏறாத குறைதான். "சிஸ்டத்து மேல பழியப் போடாத. இது இந்தாளு வேல. நடக்க சோம்பேறித்தனம், திருட்டுத்தனமா வேற ஒண்ணு வெச்சிகினு கீறான்!" அத்தனை பேர் முன்னால். பிறகு கார்டே வேண்டாம், சோற்றைப் போடுங்கள் என்று கேன்டீன்காரரை அதட்டினாய். அதற்குள் பாதி வரிசைக்கு மேல் சைரன் அடித்துவிட்டது. அவர்கள் பசியோடு வேலை லைனுக்குத் திரும்பினார்கள். செல்வியும்.

அன்றிலிருந்து நான் உன்னோடு பேசவில்லை. ஒரே அறை, ஒன்றரை வருஷம். ஏசியைக் கூட்டக்கூட டீக்காரரிடம் சொல்லி அனுப்பினோம். நீ போன அன்று மாலையோடு மணிமங்கலம் வந்தேன். உன் மச்சான் என்னை ஏற இறங்கப் பார்த்து, "ஓ, சோத்துல மண்ணப் போட்ட சார் நீங்கதானா?" என்றார். ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாய். மாலையை உன்மேல் கொஞ்சம் வேகமாகத்தான் போட்டேன்.

இன்று காலைக்கு வருகிறேன். முட்டி வலி; நேற்று யாருக்கும் சொல்லாமல் பொதுவில் ஒரு வரி மாற்றியிருந்தேன். காலையில் ஐந்தும் ஓடாமல் விழுந்தன. அவசரமாகப் பழையபடி வைத்து மூச்சு விடுவதற்குள் மேனேஜர் வந்தார். "அவர்தான் போய்ட்டாரே சார், இன்னும் எதுக்கு ஒண்ணா கட்டி வெச்சுகினு? அஞ்சையும் பிரிச்சு தனித்தனி காப்பி குடுத்துடலாம். நீங்க ஓகேன்னா சாயங்காலமே பொதுவ எடுத்துடலாம்."

இனிப்புக் கடைக்குள் விட்ட சர்க்கரை நோயாளியின் நிலைமை எனக்கு. ஒரு 'ஓகே'. நீ கட்டிய மொத்தமும் காலி, உன் சிவப்புக் கட்டமும் காலி. வாயைத் திறந்தேன்.

உன் இன்டர்காம் அடித்தது. நீ போன பிறகு அதை என் மேஜையில் வைத்துவிட்டார்கள்.

"அண்ணே, செல்வி பேசுதேன், பஸ் ஷெட்ல இருந்து." இப்போது அவள் லைன் லீடர், அவளுடைய ஆட்களின் பஸ் லிஸ்ட் அவள் கையில். "காலைல பஸ் லிஸ்ட்டு வரல. ரெண்டு பிள்ளைய ஏத்தாம வண்டி போயிட்டு. அதுக ஆட்டோ பிடிச்சு வந்துச்சுவ. ஸ்க்ரீன்ல என் தப்பு இல்லன்னு போட்டிருக்கு. அப்ப யார் தப்புண்ணே?"

மேனேஜர் பார்த்துக்கொண்டிருந்தார். பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. எனக்குப் பழகிய பதில்.

"என்னுதும்மா," என்றேன். "சொல்லாம கைய வெச்சுட்டேன்."

"அன்னைக்குச் சோத்துக்கும் இதயே சொல்லியிருக்கலாம்லாண்ணே?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

மேனேஜரிடம் பிரிக்க வேண்டாம் என்றேன். தனித்தனியாக வைத்தால் என்ன ஆகும் என்று இந்தக் கம்பெனியில் என்னைவிட அறிந்தவன் கிடையாது என்றேன். பிறகு அந்தப் பாழாய்ப்போன ஷூவை மாட்டிக்கொண்டு ஐந்து வாசலுக்கும் நடந்தேன். பொதுவில் இன்று ஒரு மாற்றம் செய்யப்போகிறேன் என்று மூஞ்சியைப் பார்த்துச் சொன்னேன். வழி முழுக்க உன்னைத் திட்டிக்கொண்டே போனேன். கேட் செக்யூரிட்டி, யாரோடு பேசுகிறீர்கள் என்று கேட்டார்.

திரும்பி வந்து உன் சிவப்புப் பக்கத்தைத் திறந்தேன். உன் தமிழைத் தொடவில்லை. உன் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போட்டேன். ஒரே இடத்தில்தான் மாற்றினேன். ஐந்திலும் மாறிவிட்டது.

அதுதானய்யா எனக்கு எரிச்சல்.