பின் வழியாக இறங்கவும்

பிப்ரவரி 9

இன்றும் பஸ்ஸில் அந்த இயந்திரக் குரல்: "பின் வலியாக இறங்கவும்." வழி என்று சொல்ல வராத சனியன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இடுப்பைப் பிடித்து முனகிக்கொண்டே இறங்குகிறார்கள். பஸ் முழுக்கச் சிரிப்பு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஓடுவது அரசாங்கப் பஸ், பேசுவது வெளிநாட்டில் வாங்கிய குரல். 'ழ' சொல்லத் தெரிந்த குரல் என் வீட்டுப் பின்னறையில் பாதி தயாராகக் கிடக்கிறது. கேட்பாரில்லை.

பிப்ரவரி 11

அக்கா கிளினிக்கிலிருந்து நேராக இங்கே வந்தாள். நாள் முழுக்க நோயாளிகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட தொண்டை, அப்படியும் கணீர். சுவரெல்லாம் மெத்தையைச் சாத்தி, நடுவில் அவளை உட்காரவைத்துப் பதிவு செய்தோம். அவள் குரலைத் துண்டு துண்டாக வெட்டி, எதை எழுதிக் கொடுத்தாலும் வாசிக்கிற மென்பொருளாக்குவது என் கூட்டாளி மொட்டை. சின்ன வயதில் பேன் தொல்லைக்கு ஒரு தடவை மழித்தான், பேர் நின்றுவிட்டது. இப்போது தலை கொள்ளாத முடி.

'இறங்கவும்' என்பதற்கு முன்னால் அக்கா லேசாக மூச்சு இழுக்கிறாள். அதை வெட்டு என்று மொட்டையிடம் சொன்னேன்.

"மாட்டேன். பேசுறது மனுஷி. மூச்சு விட வேணாமா?"

அக்கா சிரித்தாள். "விடுடி. மூச்சாவது என்னோடதா இருக்கட்டும்."

சரி, இருந்துவிட்டுப் போகட்டும்.

பிப்ரவரி 20

உள்நாட்டுத் தொழில்நுட்பத்தையும் கலைத்தொழிலையும் வளர்க்கப் புதுக் கொள்கை! அரசு அலுவலகங்கள் இனி உள்ளூர்க்காரர் செய்ததைத்தான் முதலில் வாங்க வேண்டுமாம். மொட்டைக்கு வெளிநாட்டு வேலை ஒன்று வந்திருக்கிறது, பதில் போடாமல் வைத்திருக்கிறான். "பஸ் நமக்குக் கிடைச்சா நான் எங்கேயும் போகலை" என்றான். கிடைக்கணும். அவன் போனால் இந்த அறையில் மெத்தைதான் மிச்சம்.

மார்ச் 6

போக்குவரத்து அலுவலகம். அதிகாரி தன்மையான மனிதர். அக்கா குரலைக் கேட்டுவிட்டு "அடடா, தமிழ்னா இது" என்றார். அந்த வாய் மூடுவதற்குள், "ஏற்கெனவே எந்த அரசு அலுவலகத்துல ஓடுது?"

"எங்கேயும் இல்ல சார். நீங்க வாங்கினாத்தான்…"

"மூணு வருஷமாவது ஓடியிருக்கணும்மா. கொள்கையிலேயே அப்படித்தான் போட்டிருக்கு."

பைத்தியம் தெளிஞ்சாத்தான் கல்யாணம் ஆகும், கல்யாணம் ஆனாத்தான் பைத்தியம் தெளியும். வாய்விட்டே சொல்லிவிட்டேன். மேசைக்கடியில் மொட்டை என் காலை மிதித்தான்.

அந்த மனிதருக்குக் கோபம்கூட வரவில்லை. "நியாயம்தான். ஆனா நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா? பெரிய கம்பெனிகிட்ட வாங்கினா கம்பெனியைத் திட்டுவாங்க. உங்ககிட்ட வாங்கினா என் தலைதான் உருளும்."

ஒரு பஸ்ஸில் மட்டும் சும்மா மாட்டிப் பாருங்கள் என்று கெஞ்சினேன். சும்மா வாங்க விதி இல்லையாம். சும்மா கொடுக்கவும் தகுதி வேணுமா இந்த ஊர்ல?

ஏப்ரல் 2

கொள்கைக்கு விழா எடுத்தார்கள். கண்காட்சியில் எங்களுக்கும் ஒரு மேசை. வந்தவர்கள் எல்லாம் அக்கா குரலைக் கேட்டார்கள், எங்களோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள், போனார்கள். பிறகு மேடையில் திறப்பு அறிவிப்பு. யார் குரலில்? அதே பஸ் குரலில்!

"உள்நாட்டுப் படைப்பாளிகள் வால்க."

அக்கா நாற்காலியிலிருந்து விழாத குறை. நான் சிரிக்கவில்லை. வாலாகத்தானே நினைக்கிறார்கள்?

ஏப்ரல் 19

பஸ் ஒப்பந்தம் பழைய கம்பெனிக்கே. குரல் வருகிற பெட்டியை இங்கே கொண்டுவந்து நாலு திருகாணி முடுக்கினால் அது உள்நாட்டுத் தயாரிப்பாம். மூணு வருஷம் ஓடியும் இருக்கிறதாம். தப்புத் தப்பாகப் பேசிக்கொண்டே ஓடியது, அது கணக்கில் வராதாம்.

ஏப்ரல் 20

ச்சே.

மே 3

மொட்டை அந்த வேலைக்குச் சரி சொல்லிவிட்டான். எந்தக் கம்பெனி என்று இத்தனை நாள் நான் கேட்கவே இல்லை. இன்று கேட்டேன். தரையைப் பார்த்தான்.

"அதே பஸ் குரல் கம்பெனிதான். 'ழ' வரலையாம். அதுக்கு ஆள் தேடுறாங்க."

கத்தினேன். வெட்கமா இல்லையாடா, நன்றி கெட்டவனே என்று என்னென்னவோ கத்தினேன். அவன் திருப்பிக் கத்தவில்லை. "நான் ஓடலை. இங்க யாரும் என்னைப் பிடிச்சு வைக்கலை" என்றான்.

கொள்கையே வேண்டாம் என்றா சொல்கிறேன்? வேணும். துணிந்து ஒரு பஸ்ஸுக்குக் கையெழுத்துப் போடுகிற அதிகாரியின் தலை உருளாது என்று அதில் ஒரு வரி இருந்திருந்தால் போதும். அந்த ஒரு வரியை எழுத யாருக்கும் தோணலையே! விழாவுக்கு வளைவு கட்டத் தோணுச்சு.

ஜூன் 16

மெத்தைகளைக் கட்டிலுக்குத் திருப்பியாகிவிட்டது. "என் குரலை என்னடி பண்ணப்போற?" என்றாள் அக்கா. அவளையும் கடித்துவிட்டேன். பாவம்.

செப்டம்பர் 14

பஸ்ஸில் புதுக் குரல். பிள்ளைகள் வழக்கம்போல இடுப்பில் கை வைத்துத் தயாராக நின்றார்கள்.

"பின் வழியாக…"

சுத்தமான 'ழ'. அப்புறம் ஒரு சின்ன மூச்சு. அதற்குப் பிறகுதான் "இறங்கவும்."

அக்காவின் மூச்சு இல்லை, யாரோ ஒருத்தியுடையது. ஆனால் அதை அந்த இடத்தில் விட்டுவைக்கிறவன் உலகத்திலேயே ஒருத்தன்தான். பாவி, நன்றாகத்தான் செய்திருக்கிறான். பிள்ளைகள் கையை எடுத்துவிட்டுப் பேசாமல் இறங்கினார்கள். பஸ்ஸில் ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை.

நான் கூட்டத்தை இடித்துக்கொண்டு முன் வழியாக இறங்கினேன். நடத்துனர் கத்தினார்: "ஏம்மா, பின் வழியா இறங்கச் சொல்லுதே, காது கேக்கலையா?"

"நல்லாவே கேட்டுச்சு" என்றேன்.