சேட்டு கத்தி பிடித்த நாள்

இன்று காலை என் பட்டறைச் சுவரில் குறைந்தபட்சக் கூலி விவரப் பலகையைப் புதிதாக எழுதி மாட்டினோம். பெயிண்ட் வாசனை மூக்கில் ஏறியதுமே எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மாப்ளே, நீ செத்துப் பத்து வருஷமாகியும் என்னைச் சிரிக்க வைக்கிறாயே, படுபாவி!

அறுபதுகளில் தாராவித் தோல்பெட்டிப் பட்டறையில் நாம் ஐந்து வருஷமாக அப்ரண்டிஸ். நாம் மட்டுமா, பதினொரு பேருமே அப்ரண்டிஸ்! கற்றுக்கொள்கிறவனுக்கு எதற்குச் சட்டக் கூலி என்பது நம் முதலாளி சேட்டின் கணக்கு. அதில் என் கல்யாணமும் சிக்கிக்கொண்டது. லேபர் கேம்ப் குடியிருப்பில் நான் கட்டிக்கொள்ள நினைத்த செண்பகத்தின் அப்பா முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். "வேல படிக்கிற பயலுக்குப் பொண்ணு கெடையாது. தொழிலாளியா ஆயிட்டு வா." இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. "இருலே, ஒரு வழி பண்ணுவோம்" என்றாய் நீ.

லேபர் இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று தெரிந்ததும் சேட்டு நம்மை மிரட்டி வைத்தார். வந்தவர் கேட்கக் கேட்க, எல்லாரும் "வேலை கத்துக்கிறோம்" என்றே ஒப்பித்தோம்.

"சரி, கத்துக் கொடுக்கிற உஸ்தாத் யாரு?" என்றார் அவர்.

நீதான் உன் அரைகுறை இந்தியில் முந்திக்கொண்டாய். "சேட்டுதான் சாப்! அவரு கை பட்டாத்தான் பெட்டியே பெட்டி!"

இன்ஸ்பெக்டர் கத்தியைச் சேட்டிடம் நீட்டினார். தோலின் ஓரத்தை மெலிதாகச் சீவ வேண்டும், அவ்வளவுதான். மனுஷன் பென்சில் சீவுவதுபோல் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தார். நல்ல தோல் இரண்டு துண்டு! இன்ஸ்பெக்டரே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு கத்தியை உன்னிடம் கொடுத்தார். நம்மில் கைகாரன் நீதான். ஆனாலும் என்னை முன்னே தள்ளிவிட்டாய்.

"இவன் சீவட்டும் சாப். இவன் கல்யாணமே இதுலதான் தொங்குது."

"சீவுலே, செண்பகம் பாக்கான்னு நெனச்சுக்கோ" என்று காதில் கிசுகிசுத்தாய். வெற்றிலைக் கனத்துக்குச் சீவினேன். பதிவேட்டில் முதலில் என் பெயருக்கு எதிரே 'காரிகர்', அதாவது தொழில் தெரிந்த தொழிலாளி என்று எழுதினார், அப்புறம் ஒவ்வொருவராக எல்லாருக்கும். அடுத்த மாதமே சட்டக் கூலி, தை மாதம் கல்யாணம். பந்தியில் மூன்று முறை உட்கார்ந்தவன் நீ ஒருவன்தான்.

இப்போது நானே முதலாளி. என்னிடம் சேருகிற அன்றே சட்டக் கூலி. ஓரம் சீவத் தெரிந்த அன்றே காரிகர். இந்த மங்கின கண்ணை வைத்துக்கொண்டு தினமும் முதல் தோலை நான்தான் சீவுகிறேன். "ஏம்ப்பா இந்த வயசுல?" என்கிறான் மகன். எவனாவது இன்ஸ்பெக்டரிடம் என்னைக் கைகாட்டினால் சேட்டு மாதிரி நான் முழிக்கக் கூடாதல்லவா?

இத்தனை வருஷத்தில் ஒருவனும் கைகாட்டவில்லை, மாப்ளே. உன்னை மாதிரி ஒருத்தன் காட்டமாட்டானா என்று ஏக்கமாகத்தான் இருக்கிறது.