காலண்டர் அட்டையில் ஒட்டிய மாத்திரைகள்

பாப்பா,

அம்மாவின் மாத்திரைகளில் வகைக்கு ஒன்றாக வெட்டி, பழைய காலண்டர் அட்டையில் ஒட்டி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். "படிக்காத நீங்க டாக்டருக்குப் பாடம் நடத்தாதீங்கப்பா" என்று நேற்று கத்தினாய். நான் பாடம் நடத்தப் போகவில்லை. நரம்பு டாக்டர் ஞாபகத்துக்குக் கொடுத்ததை, சிறுநீர் டாக்டர் கொடுத்தது அமுக்கிவிடும் என்று மருந்துக் கடைப் பெண் சொன்னாளே, அதைக் கேட்கத்தான் போகிறேன். அந்தச் சிறுநீர் மாத்திரை வந்த மாதத்திலிருந்துதான் அம்மாவுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. உளறுகிறாள் என்று மனநல டாக்டர் தூங்குவதற்கு வேறு ஒன்று கொடுத்துவிட்டார்.

மூன்று பேர் அறையும் ஒரே வராந்தாவில்தான். ஒருத்தர் சீட்டை இன்னொருத்தர் பார்த்ததே கிடையாது. கேட்டால், "அது அவர் டிபார்ட்மெண்ட், பெரியவரே." தலை ஒன்றுதானே ஐயா? இன்று மூவரையும் ஒரே அறையில் உட்கார வைத்து இந்த அட்டையைக் காட்டாமல் வர மாட்டேன்.

சூப் அடுப்பில் இருக்கிறது. ஆறவைத்துக் கொடு. மத்தியான மாத்திரை கிண்ணத்தில். வாசல் கதவைப் பூட்டியே வை, வெளியே போய்விடுவாள். சாவி என் பழைய ஷூவுக்குள்.

நானும் கத்தினேன். சரி, விடு.

இன்னொன்று. "வீட்டுல ஒரு கிழவன் சுத்துறானே, யாரு அது?" என்று அம்மா கேட்டால் திருத்தாதே. நேற்று அந்தக் கிழவனுக்குத் தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தாள். சாயங்காலம் வந்துவிடுவான் என்று சொல்.