மொட்டைமாடியில் மச்சானின் டிரக்

30.9.84, ஞாயிறு

வெயில். சாயங்காலம் மேகம் கூடி ஏமாற்றிவிட்டது. பெரிய மார்க்கெட்டில் தேங்காய்க்காரரிடம் பத்து கொட்டாங்கச்சி. "எரிக்கவா, வெளையாடவா?" என்றார். காசைக் கொடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

மச்சான் (என் மனைவி செல்வியின் அண்ணன், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், பாரீஸ்வாசி) காரைக்கால் போயிருக்கிறார். தன் ரிமோட் பொம்மை டிரக்கை என்னிடம் விட்டுப் போனார். முழ நீளம். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் என்னை நம்பிக் கொடுத்த முதல் பொருள்.

"மேடு பள்ளம் கட்டி வை மாப்ள. வெள்ளிக்கெழம வந்து ஓட்டிப் பாக்கறேன்."

மாடியில் கட்ட வேண்டியவை: செங்கல் மேடு. மூங்கில் பாலம். மணல் குழி. கொட்டாங்கச்சிப் பாறை. மில்லில் கழித்த, நூல் சுற்றும் மரப் பாபின்களை அடுக்கிக் கட்டைப் பாதை.

2.10, செவ்வாய்

மில் லீவு. நாள் முழுக்க மாடி. பாலம் இரண்டு முறை சரிந்தது. சணல் கட்டியதும் நின்றது. பாபின் மேல் டிரக் ஏறுகிற அழகு! வயது நாற்பத்திரண்டு, வெட்கமே இல்லை.

செல்வி: "மலை கட்டறவரே, என் பொடவைய எங்க காயப்போட?"

3.10, புதன்

ஆயுத பூஜை. சுத்தி, ஸ்பானர், சைக்கிள், டிரக், எல்லாவற்றுக்கும் பொட்டு. மில்லில் மோட்டார் மூடியைக் கழற்றி உள்ளேயும் ஒரு பொட்டு வைப்பேன்; உயிர் அங்கேதானே. டிரக்கிலும் பாட்டரி மூடியைத் திறந்து வைத்தேன். தாராளமாக. இன்று எதையும் ஓட்டக்கூடாது.

4.10, வியாழன்

சக்கரத்தடியில் எலுமிச்சை வைத்து ஸ்விட்சைப் போட்டேன். டிரக் அசையவில்லை. சார்ஜ் போட்டாயிற்று. ரிமோட்டுக்குப் புது செல். ஊஹூம்.

பூஜையில் தண்ணீர் தெளித்தது செல்வி. அவள் மேல் எரிந்து விழுந்தேன். அழுதாள். இந்த ஊரில் இதை யாரிடம் காட்டுவது? மச்சான் முகத்தில் எப்படி விழிப்பது?

5.10, வெள்ளி

தூறல். மில்லுக்கு லீவு சொல்லியாயிற்று. செல்வி கண்ணாடி போட்டுக்கொண்டு பாட்டரி அறைக்குள் பார்த்தாள்.

"இங்க பாருங்க. பாட்டரி தொடற தகடு மேல சந்தனம் காஞ்சி கெடக்கு. தண்ணி இல்ல, நீங்க வெச்ச பொட்டு."

தீக்குச்சி, பஞ்சு, உப்புத்தாள். ஓடியது! படியில் உட்கார்ந்துவிட்டேன். அப்பாடா. மன்னிப்புக் கேட்டேன். "ம்" என்றாள்.

பிறகு ஈரத்துணியால் டிரக் முழுவதும் துடைத்தேன். தடயமே கூடாது.

நாலு மணிக்கு மச்சான். பாலத்தில் ஏற்றும்போது "அத்தான்சியோன்! அத்தான்சியோன்!" என்று பிரெஞ்சில் தனக்குத் தானே எச்சரிக்கை. பாபின் பாதை மூன்று தடவை. "பலே மாப்ள!" அப்புறம் டிரக்கைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பொட்டு எங்க? பூச போடலியா?"

"மச்சான், அது வந்து..."

"அதுக்குத்தான உன்கிட்ட உட்டுட்டுப் போனேன்? பாரீசுல யாரு இருக்கா இதெல்லாம் செய்ய?"

செல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மச்சானுக்குச் சிரித்துச் சிரித்து இருமல்.

மறுபடி சந்தனம், பானெட்டில் மட்டும். சக்கரத்தடியில் எலுமிச்சை. நசுக்க முடியாமல் டிரக் அதன்மேல் ஏறிக் குப்புறக் கவிழ்ந்தது.

"இதையும் வரிசையில சேத்துடு" என்றார். எலுமிச்சையைப் பாலத்துக்கு அடுத்த தடையாக வைத்தேன்.