நாட்டின் பெயரும் ஒரு வெங்காயமும்

மார்ச் 3, திங்கள்

இன்றும் அந்த ஆளின் வெப்சைட்டைத் திறந்து பார்த்தேன். நம் நாட்டின் பெயரைத் தட்டிப் புள்ளி காம் போட்டால் சூதாட்ட விளம்பரம் சுழல்கிறது. எங்கோ உட்கார்ந்திருக்கும் ஒருவன் இருபது வருஷத்துக்கு முன்பே அந்தப் பெயரைப் பதிந்து வைத்துக்கொண்டான். விசாவுக்கு வழி தேடும் வெளிநாட்டுக்காரர்கள் நேரே அங்கே போய் விழுகிறார்கள். அதை மீட்கச் சர்வதேச நடுவரிடம் மனு போட்டாயிற்று. கோப்பு என் மேஜையில்.

தீர்ப்பு வருவதற்குள் நாட்டின் பெயரோடு 'விசா', 'சுற்றுலா', 'அரசு' என்று சேர்த்த பெயர்களையாவது நாமே வாங்கிவிடலாம் என்று ஒன்பது பெயர் எழுதினேன். மூன்று கையெழுத்து விழுந்தால்தான் வாங்க முடியும். பெயர் காலியா இல்லையா என்று சொல்லும் இலவசத் தளம் ஒன்று இருக்கிறது. காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை அதில் தட்டிப் பார்க்கிறேன், அடுப்பில் பால் வைத்தவள் மாதிரி.

மார்ச் 6, வியாழன்

ஒன்பதும் போச்சு. இரண்டாவது கையெழுத்து விழுவதற்குள் அதே ஆள் வாங்கிவிட்டான். ஒன்றிரண்டு என்றால் தற்செயல். ஒன்பதுமா? யாரோ உள்ளேயிருந்து சொல்கிறார்கள்.

மார்ச் 7, வெள்ளி

பட்டியலைப் பார்த்தவர்கள் நான்கே பேர். நான். இயக்குநர் – அவருக்குத் தன் மெயிலைத் திறக்கவே ஆள் வேண்டும். வக்கீலம்மா – கேஸ் தோற்றால் கெடுவது அவர் பேர்தான். அப்புறம் கம்ப்யூட்டர் பிரிவில் ஒயர். கழுத்தில் எப்போதும் ஏதாவது ஒரு ஒயர் தொங்குவதால் ஆபீஸில் அந்தப் பெயர். வீட்டில் அவர் மாப்பிள்ளை, என் தங்கையின் கணவர். நான் சொல்லித்தான் இந்த வேலையே கிடைத்தது.

சீ, என்ன நினைப்பு இது.

மார்ச் 11, செவ்வாய்

நான் பக்கத்தில் போனதும் ஒயர் போனைக் கவிழ்த்து வைத்தார். மதியம் படிக்கட்டில் நின்று கிசுகிசுவென்று பேச்சு. என்னைப் பார்த்ததும் கட் செய்தார்.

"யாருங்க மாப்பிள்ளை?"

"ராங் நம்பர், அக்கா."

ராங் நம்பரோடு யாராவது பத்து நிமிஷம் பேசுவார்களா?

மார்ச் 13, வியாழன்

பொறி வைத்துவிட்டேன். நாட்டின் பெயரோடு 'முதலீடு'. புதுப்பெயர். ஒயரிடம் மட்டும் சொன்னேன், வேறு யாருக்கும் தெரியாது. சொல்வதற்கு முன் காலிதானா என்று வழக்கம்போல் தட்டிப் பார்த்துக்கொண்டேன். எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை நான்.

மார்ச் 14, வெள்ளி

'முதலீட்டையும்' அவன் வாங்கிவிட்டான். மாட்டினார் ஒயர்.

மார்ச் 17, திங்கள்

எழுதிக் கொடுத்தேன். மதியமே ஒயரை சஸ்பெண்ட் செய்தார்கள். அடையாள அட்டையைக் கழற்றி வைத்துவிட்டு என் மேஜைக்கு வந்தார். "நீங்களா எழுதினீங்க, அக்கா?" என்று மட்டும் கேட்டார். நான் ஏதோ கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 18, செவ்வாய்

ஆபீஸுக்கே போன் செய்தாள் தங்கை.

"படிக்கட்டுல நின்னு பேசினது வேற வேலைக்கு! எந்நேரமும் உன் கண்ணு முன்னாடி குப்பை கொட்ட முடியலைன்னு ரெண்டு மாசமா தேடறார். உனக்குத் தெரிஞ்சா மனசு கஷ்டப்படுமேன்னுதான் மறைச்சார். நீ என்ன காரியம் பண்ணி வெச்சிருக்கே? துப்பறியிறாளாம், பெரிய வெங்காயம்!"

வைத்துவிட்டாள். அவர் சொல்லிக்கொடுத்த கதையாகவும் இருக்கலாம். இருக்கலாம் இல்லையா?

அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. எதிரே அந்தத் தளம் திறந்தே கிடந்தது. வெங்காயமாம் வெங்காயம்! நாட்டின் பெயரோடு அதையே சேர்த்துத் தட்டினேன். காலி என்றது. மூடிவிட்டேன்.

மார்ச் 20, வியாழன்

எதிராளியின் பதில் வந்திருக்கிறது. அவன் நேர்மையான வியாபாரியாம். பயணிகளுக்குத் தகவல் தரத்தான் இத்தனை பெயரும் வாங்கினானாம். அவன் கைவசம் உள்ளவற்றை வக்கீலம்மா மறுபடி பட்டியல் எடுத்தார். நாட்டின் பெயரைத் தவிர பதினொன்று. கடைசிப் பெயரைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இதப் பாருங்க மேடம், வெங்காயத்த எதுக்குங்க வாங்கினான்?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சொல்லை நான் ஒருத்தரிடமும் சொல்லவில்லை. ஒயர் அன்று ஆபீஸிலேயே இல்லை. தட்டினது மட்டும்தான். எங்கே தட்டினேன்? ஒன்பதையும் எங்கே தட்டினேன்? 'முதலீட்டை' எங்கே தட்டினேன்?

இலவசமாகச் சொல்கிறானே, இவன் யார் என்று ஒருநாளாவது கேட்டேனா? சொந்த மாப்பிள்ளையைச் சந்தேகப்பட்டேன், அந்தத் தளத்தைச் சந்தேகப்படத் தோன்றவில்லை. உள்ளேயிருந்து சொன்னது நான்தான். வேளை தவறாமல் நானே போய்ச் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 21, வெள்ளி

வக்கீலம்மாவிடம் சொன்னேன். நான் தட்டிய நேரம் என் கம்ப்யூட்டரில் இருக்கிறது, அவன் வாங்கிய நேரம் பதிவேட்டில் இருக்கிறது. அவர் எழுந்தே நின்றுவிட்டார்.

"இத நீங்க பிரமாணப் பத்திரமா எழுதிக் குடுத்தா அவன் பேச்சு எடுபடாது, கேஸ் நமக்குத்தான். ஆனா உங்க வேலைக்கு நீங்களே உலை வெச்சுக்கறீங்க."

மதியம் வரை உட்கார்ந்திருந்தேன். சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஒயருக்குத்தான் வேறு வேலை கிடைத்துவிடுமே என்றுகூட நினைத்தேன். என்ன ஜென்மம் நான்!

எழுதிக் கொடுத்தேன். இயக்குநருக்கு ஒரு நகல்.

மார்ச் 24, திங்கள்

ஒயரைத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார்கள். தங்கைக்கு நாலு தடவை போன் செய்தேன். எடுக்கவில்லை.

மே 8, வியாழன்

பெயர் நமக்கே என்று தீர்ப்பு. வெங்காயத்தைப் பற்றி மட்டும் நடுவர் ஒரு பத்தி எழுதியிருக்கிறார். எனக்கு எச்சரிக்கைக் கடிதம், பழைய கோப்பு அறைக்கு மாற்றல்.

மே 12, திங்கள்

புதுப் பக்கத்தை ஏற்றுவதைப் பார்க்க எல்லாரையும் கூப்பிட்டிருந்தார்கள். நானும் போய்க் கடைசியில் நின்றேன். ஒயர் நாட்டின் பெயரைத் தட்டினார். சூதாட்டம் போய் நம் கொடி வந்தது. கை தட்டினார்கள்.

கூட்டம் கலைந்ததும் பக்கத்தில் போனேன். "மாப்பிள்ளை..." என்றேன்.

கழுத்திலிருந்த ஒயரைச் சுருட்டிக்கொண்டே திரும்பினார். முகத்தில் கோபம்கூட இல்லை.

"சொல்லுங்க, மேடம்" என்றார்.