அமுக்கிப் பார்த்த தக்காளி

அன்புள்ள மார்த்தா,

ஆண்டவர் கிருபையில் நான் நலம். உன் மூட்டுவலியும் மகள் நிக்கோலின் இருமலும் எப்படி இருக்கின்றன?

இன்று வேலையில் ஒரு தவறு செய்துவிட்டேன். பயப்படாதே, சின்ன விஷயம்தான். தேயிலை மேட்டுக்குக் கீழே உள்ள எங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில், தக்காளி ஏன் சீக்கிரம் கொழகொழத்துப் போகிறது என்று பார்க்கிறார்கள். செல்லோடு செல்லை ஒட்டி வைத்திருக்கும் பசையை ஏதோ ஒரு புரதம் கரைத்துவிடுகிறதாம். மூன்றாம் படிவம் வரை மட்டும் படித்த என் மூளையில் இவ்வளவுதான் ஏறியது.

இன்று தட்டில் அடுக்கும்போது, சந்தைக்குப் போனவனைப் போல ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துவிட்டேன்.

"யாரு அமுக்குனது?" என்றார் ஆராய்ச்சியை நடத்தும் டாக்டர் யோகேஸ்வரி.

"நான்தான் டாக்டர். கை சும்மா இருக்க மாட்டேங்குது லா."

"எல்லாத்தையுமா அங்கிள்? இனி எது தானா இளகுச்சு, எது உங்க விரலால இளகுச்சுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

இப்போது அவர் மேனேஜர் அறையில் என்னைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். வேலை நிரந்தரமானால்தானே நாம் மூவரும் சேர்ந்திருக்க குவார்ட்டர்ஸ் தருவார்கள்.

என் மோட்டார் சைக்கிள் கையுறையை அனுப்பி வை. பசாரில் காயை அமுக்கினால் நீ என் கையைத் தட்டிவிடுவாய். இங்கே அதற்கு ஆளில்லை.

கூப்பிடுகிறார்கள், போகிறேன். துணிமணியை இன்னும் மூட்டை கட்டாதே. கட்டியிருந்தால் அவிழ்க்கவும் வேண்டாம்.

உன்
அம்புரோஸ்