நீங்கள் பார்த்த முதல் ஸ்லைடு

அலமாரியைத் துடைக்கும்போது உங்கள் மைக்ரோஸ்கோப் பெட்டியைத் திறந்தேன். லென்ஸுக்கு விடும் தேவதாரு எண்ணெய்ப் புட்டியின் மூடி தளர்ந்து, பெட்டி முழுக்க அந்த வாசம். கல்லூரியிலிருந்து நீங்கள் வீடு திரும்பும்போது சட்டையோடு உள்ளே வரும் வாசம் அது. கல்யாணமான புதிதில் அந்தச் சட்டையை ஒருமுறை முகர்ந்துவிட்டுத்தான் துவைக்கப் போடுவேன். இன்று ஜன்னலைத் திறந்துவைத்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஆணுக்கும் குறை இருக்கலாம் என்று கோயமுத்தூரில் வாய்விட்டுச் சொல்ல எத்தனை பேருக்குத் தைரியம் இருந்தது? உங்களுக்கு இருந்தது. ஃபவுண்டரி அடுப்புச் சூட்டில் நிற்கிறவர்கள், பருத்திக்கு மருந்தடிக்கிறவர்கள், இவர்களுடைய விந்தணுக்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்று பார்க்கக் கிளம்பினீர்கள். ஆம்பளைகள், "எங்களுக்கென்னங்க குறை" என்று மீசையைத் தடவிக்கொண்டு நழுவினார்கள். அவர்கள் மனைவிமாரிடம் பேசுவதற்காக என்னையும் தாராபுரம் பஸ்ஸில் ஏற்றிப் போனீர்கள். பெருந்துறைப் பக்கத்துக் கூட்டமொன்றில் சொன்னீர்களே, "வெதையப் பாக்காம நெலத்தக் குத்தஞ் சொல்லாதீங்க" என்று. முன்வரிசையில் உட்கார்ந்து முதலில் கை தட்டியவள் நான்தான். கூட்டம் கலையும்போது ஒரு பெண் என்னிடம், "உங்களுக்கு எத்தன கொழந்தைங்க?" என்று கேட்டாள். நீங்கள் அப்போது செருப்பை மாட்டுவதில் மும்முரமாக இருந்தீர்கள்.

அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரி. டாக்டரம்மா முதலில் உங்கள் ரிப்போர்ட்டைத்தான் கேட்டார். "என்ற லேப்லயே பாத்தாச்சுங்க டாக்டர், நல்லா இருக்குது" என்று சிரித்தீர்கள். அந்தப் படிப்பே படித்தவர் சொன்னால் யார் சந்தேகப்படுவார்கள்? கர்ப்பப்பைக் குழாயில் மருந்தை ஏற்றி எனக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். வலியில் உங்கள் மணிக்கட்டில் என் நகம் பதிந்தது. மாத்திரையும் ஊசியுமாக உடம்பு ஊதிப்போனது.

என் தம்பி கல்யாணத்தில் இணைச்சீர். மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் நின்று செய்ய வேண்டிய சீர். அவனுக்கு நான் ஒருத்திதான் அக்கா. பிள்ளையில்லாதவள் சீருக்கு நிற்கக் கூடாதென்று உங்கள் அம்மா போய் என் அம்மாவின் காதைக் கடித்தார். சித்தப்பா மகளை நிறுத்திச் சீரை முடித்தார்கள். பட்டுச்சேலையோடு சமையல் பந்தலில் போய் உட்கார்ந்திருந்த என்னிடம் வந்து, "இதெல்லாம் மூடநம்பிக்கை அம்மணி, உட்டுத் தள்ளு" என்றீர்கள். எப்பேர்ப்பட்ட மனிதர் என்று அப்போதும் பெருமைப்பட்டேன். என்னைப் போல ஒரு ஏமாளி இந்த ஜில்லாவிலேயே இருந்திருக்க மாட்டாள்.

நெஞ்சுவலி வந்து ஒரே நாளில் போய்விட்டீர்கள். காரியத்துக்கு வந்த உங்கள் மாணவன், என்னை ஆறுதல்படுத்த நினைத்துத்தான் பேசினான்.

"லேபுக்கு வர்ற பசங்கள மொதல்ல அவங்கவங்க சாம்பிளத்தானுங்க பாக்கச் சொல்லுவாரு சார். அடுத்தவனப் பாக்கறக்கு முந்தி உன்னையப் பாருன்னு. அவரும் அப்படித்தான் ஆரம்பிச்சாராமா. 'என்ற ஸ்லைடுல ஒண்ணுமே இல்லீடா, அதனாலதான் இந்த ஆராய்ச்சியையே எடுத்தேன்'னாரு. உங்களுக்குத் தெரிஞ்சதுதானுங்களே, அக்கா."

"தெரியுமுங்க" என்றேன். காபியைக் கொடுத்து அனுப்பினேன்.

ஏனுங்க மாமா, குழந்தை இல்லாதது போகட்டும். நீங்களும் நானுமாக இருந்துவிட்டுப் போயிருப்போம், அதில் எனக்கென்ன குறை? ஊராருக்கெல்லாம் மேடையில் சொன்னதை நம் வீட்டுச் சமையல்கட்டில் ஒருமுறை சொல்ல உங்களுக்கு நாக்கு எழவில்லை. மாணவனிடம் சொல்ல முடிந்திருக்கிறது, என்னிடம்தான் முடியவில்லை. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

உங்கள் அம்மா இப்போது படுத்த படுக்கை. பார்ப்பது நான்தான். போன வாரம் ராகிக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது பழைய பாட்டையே எடுத்தார்.

"என்ற பையன் வமுசத்தையே அத்துப்போட்டியேடி மலடி."

அன்றைக்கு ஏனோ பொறுக்கவில்லை. கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

"எனக்கு ஒரு குறையுமில்லீங்க அத்தை. குறை உங்க பையனுக்குத்தான்."

கத்துவார் என்று நினைத்தேன். மாறாக, என் கையைப் பிடித்தார்.

"அவனுக்கு இது தெரியுமா கண்ணு?"

இத்தனை வருஷத்தில் அவர் என்னைக் கண்ணு என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"தெரியாதுங்க அத்தை" என்றேன்.

அவர் கண்ணைத் துடைத்துவிட்டு மீதிக் கஞ்சியை ஊட்டினேன். உங்கள் பொய்யோடு இப்போது என் பொய்யையும் சுமந்துகொண்டிருக்கிறேன். உங்களைக் காப்பாற்ற அதைச் சொன்னதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு வீட்டில் உங்களை நம்பி ஏமாந்தவள் ஒருத்தி போதும்.